கதிரவன் கழுவாத கறை

ஓடும் நீர் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் என்று நாம் நெடுங்காலமாக நம்பி வருகிறோம். அந்நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அன்று.

உலோக நஞ்சைப் பொறுத்தவரை நீரோடைக்கு இயற்கை தந்த மருந்துகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று கதிரவன் ஒளி. மற்றொன்று இலையும் சருகும் மக்கி உண்டாகும் மட்குப்பொருள். குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரைந்து பரவும், புற்றுநோய் விளைக்கும். மட்குப்பொருள் அதனை நச்சுத்தன்மை குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றிச் சேற்றில் படியச் செய்கிறது. நீரில் இரும்பும் கலந்திருந்து வெயிலும் பட்டால் இம்மாற்றம் விரைவு பெறும்.

எனினும் இம்மருந்துகள் உலோகத்தின் நிலையை மாற்றுமேயன்றி அதனை அழிப்பதில்லை. சேற்றிலுள்ள மாங்கனீசு ஆக்சைடால் குரோமியம் பழைய நஞ்சாக மீளவும் கூடும். செம்பு முதலியவற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் மட்குப்பொருளை அதே வெயில் சிதைத்து, அவற்றை மீண்டும் நீரில் விடுவிக்கவும் கூடும்.

நாம் வாழும் திருநின்றவூர் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, அரக்கோணம் கடந்து ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றங்கரை ஊர்களை அடைகிறது. அங்கே பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலே. நீர் மணலுக்கு அடியில் உள்ளது. வெயில் புகாத அவ்விடத்தில் கதிரவன் என்ன செய்வான்? தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகளைச் செய்த இராணிப்பேட்டை ஆலையொன்று 1990களில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மிகுதி. அந்நஞ்சு நிலத்தடி நீரிலும் இறங்கிற்று.

தோல் தொழில் நம் சமுதாயத்திற்கு வாழ்வளித்த தொழில். 1919-இல் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி எழத் தோல் வணிகர்தம் கொடை துணைநின்றது. அந்நன்றியை மறவோம். ஆயினும் அத்தொழிலின் கழிவு ஆற்றையும் வயலையும் கெடுத்ததை மறைப்பது நேர்மையாகாது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை 1996-இல் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது, வேலூர்ப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில்தான்.

பதனிட்ட நீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தளித்துள்ளது. செல்வர்கள் அதற்குச் செலவிடத் தயங்கலாகாது. நம் ஊர் ஏரிக்கும் இதில் பாடம் உண்டு: சாக்கடை கலந்து கறுத்த நீரில் வெயில் ஆழம் செல்வதில்லை. இயற்கையின் மருந்துக்கும் வாயிலை நாமே அடைத்துவிடுகிறோம்.

நீர் நம் உடைமை அன்று. வருந்தலைமுறைக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் கெடுத்துவிட்டுக் கதிரவனை எதிர்பார்த்திருப்பது அறமாகாது.