சகுனியின் பகடையும் சொல்தாவின் நுழைவுச்சீட்டும்

புதுச்சேரிக் கடலில் சூதாட்டக் கப்பல் நிற்கலாமா என்ற சர்ச்சை எழும்போதெல்லாம் இரண்டே குரல்கள்தாம் கேட்கின்றன. ஒன்று வருமானத்தைக் கணக்கிடுகிறது. மற்றொன்று பண்பாட்டுக்காகக் கண்ணீர் வடிக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த சொகுசுக் கப்பலுக்குப் புதுவை அரசு அனுமதி மறுத்தபோதும் இப்படித்தான். 2025 ஜூலையில் அதே நிறுவனத்தின் கப்பல் வந்தபோதும் இப்படித்தான். ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் ஒருவர் இரவு சாப்பாட்டுக்குப் பின் எங்கே போய் எதைப் பார்க்கிறார் என்று எந்தத் தரப்பும் கேட்டதில்லை. அதைக் கேட்கவே இதை எழுதுகிறோம்.

எங்கள் நண்பர் ஒருவரின் தாய்மாமன் ரெட்டியார்பாளையத்துக்காரர். 'சொல்தா' குடும்பம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, பாரிசின் வடக்குப் புறநகரில் பிள்ளைகளோடு இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அவருக்கு அங்கே ஒரு பழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை ரயிலேறி ஆங்கேன்-லெ-பேன் என்ற ஊருக்குப் போய் மேடை நிகழ்ச்சி பார்ப்பார். பாரிசுக்கு மிக அருகில் காசினோ இருப்பது அந்த ஊரில்தான். கந்தக ஊற்று, ஏரி, ஏரிக்கரையில் சூதாட்டக் கூடம், அதோடு சேர்ந்து நாடக அரங்கு. நகைச்சுவை நாடகம், பாட்டுக் கச்சேரி, ஜாலவித்தை, எது நடந்தாலும் அவருக்குச் சம்மதமே. சூதாட்ட மேசையை இதுநாள்வரை தொட்டதில்லை. "அவன் விளக்குப் போடுறான், நான் வெளிச்சத்துல உக்காந்து பார்க்குறேன். அவன் கடையில நான் ஏன் வாங்கணும்?" என்றார் எங்களிடம்.

அன்று உடனிருந்த இலக்கிய நண்பர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. காசினோவில் நடப்பது கலையே அல்ல, அது தூண்டிலில் கோத்த புழு, அதை ரசிப்பவர் மீன் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார். பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது. சிற்றிதழ் வாசகர்களாகிய நம்மிடம் ஊறிப்போன நோய் இது. ஒருவன் மேடையைப் பார்த்து மகிழ்ந்தான் என்று கேள்விப்பட்ட உடனே அவன் எதற்கோ ஏமாந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதே ஊரில்தான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இறந்தார். கருவடிக்குப்பத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. மாலை போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அவருடைய நாடகங்கள் எந்தத் தூய கலையின் நிழலில் வளர்ந்தன? சீட்டு விற்ற காசில் வளர்ந்தன. அன்றைய வசூல்தான் அன்றைய சோறு என்று வாழ்ந்த பாலர் கம்பெனிகளில் வளர்ந்தன. படித்தவர்கள் 'கூத்தாடிகள்' என்று முகம் சுளித்த காலத்தில், தரை டிக்கெட் வாங்கி மணலில் குந்தியிருந்தவர்கள்தாம் அந்த நாடகங்களைக் காப்பாற்றினார்கள். அந்தத் தரை டிக்கெட்டுக்காரரின் வாரிசுதான் ஆங்கேனுக்கு ரயிலேறும் எங்கள் பெரியவர். காசு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து அவருடைய மகிழ்ச்சியை மட்டமாக்கும் தகுதி நமக்கு இல்லை.

ஆனால் இதைச் சொன்னதும் வருமானத் தரப்பு ஓடிவந்து நம் தோளில் கை போடும். "பார்த்தீர்களா, காசினோ வந்தால் கலை வளரும்." மன்னிக்க வேண்டும்; அந்தக் கையையும் எடுத்துவிடுகிறோம்.

பிரான்சில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரை ஊர்களுக்கும் ஊற்றுநீர் ஊர்களுக்கும் சூதாட்டக் கூடம் வைக்க வழிவிட்டது. 1959இல் வந்த விதிப்படி காசினோ என்றால் மூன்று தொழில் இருக்க வேண்டும்: மேடை நிகழ்ச்சி, உணவகம், சூது. மேடை இல்லையேல் காசினோ இல்லை. 1988இல் பெருநகரங்களுக்கு வழி திறந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பகுதியின் தலைமை நகராக இருந்தால் மட்டும் போதாது. தேசிய நாடக மையம், தேசிய இசைக்குழு, ஆப்பெரா அரங்கு ஆகியவை இயங்கும் செலவில் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளாட்சிப் பணத்திலிருந்து வர வேண்டும். அதாவது முதலில் மேடைக்குப் பணம் கொடு, பிறகு சூதைப் பற்றிப் பேசு. நம் ஊரில் பிரெஞ்சுப் பாரம்பரியம் என்றால் மஞ்சள் சுவரும் தெருப்பலகையும்தான். இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் பாரம்பரியமாகக் கொண்டாடக் காணோம்!

இப்படி ஒரு நிபந்தனை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் வேகாஸ் இருக்கிறது. பாரிசின் ஃபொலி பெர்ஜேர் ஆட்டத்தை டிராபிகானா காசினோ 1959இல் அங்கே கொண்டுபோனது. ஐம்பது ஆண்டு நெருங்கும் வரை நடந்தது. 2009இல் நிறுத்தினார்கள். 2024 அக்டோபரில் அந்தக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிராஜ் விடுதியில் பீட்டில்ஸ் பாடல்களை வைத்துச் சர்க்கஸ் கலைஞர்கள் 2006 முதல் நடத்திய நிகழ்ச்சியும் 2024 ஜூலையில் விடுதியோடு சேர்ந்தே மூடப்பட்டது. பார்க்க ஆள் இல்லாமல் போனதால் அல்ல, இடம் கைமாறியதால். காசினோ கட்டிய மேடைக்கு ஆயுள் காசினோவின் கணக்குப் புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறது. அந்த ஊர்க்காரர் அங்கே ரசிகர், அவ்வளவே. அந்த மேடை ஒருநாளும் அவருடையது ஆகாது.

நம் பக்கத்து மேடை வேறு வகையானது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கும். கட்டியங்காரன் வாயைக் கிளறுவான். கிரீடமும் புஜகீர்த்தியும் விளக்கொளியில் தகதகக்கும். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்துகொள்ளும். அந்த வரிசையில் ஊர் முழுவதும் விழித்திருந்து பார்க்கும் கூத்து எது? சூதும் துகிலும். லாஸ் வேகாஸில் பகடை மேசைக்கு ஆள் பிடிக்க மேடை போடுகிறார்கள். இங்கே பகடையையே மேடையில் ஏற்றி, ஒருவன் நாட்டையும் தம்பிகளையும் தன்னையும் மனைவியையும் வைத்து இழப்பதை ஊரை உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். சகுனி வரும்போது சிரிப்பு. சபைக்குத் திரௌபதி இழுத்து வரப்படும்போது அழுகை. சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு கேட்கிற துச்சாதனன் வேடக்காரரை நாங்களே பார்த்திருக்கிறோம். சூதாட்டத்துக்கு எதிராக எந்தக் கட்சியின் கண்டன ஆர்ப்பாட்டமும் இவ்வளவு வலுவாக இருந்ததில்லை. இது கண்டனமாக மட்டும் இருப்பதுமில்லை. கிழவிகள் வெற்றிலை மென்றுகொண்டே ரசிக்கிற ஆட்டமாகவும் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாரிசின் தெயாத்ர் த்யு சொலேய் குழுவை அரியான் முனுஷ்கின் புதுச்சேரிக்கு அழைத்து வந்து, இங்குள்ள இண்டியநோஸ்ட்ரம் நாடகக் குழுவோடு பயிற்சி நடத்தினார். புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அவர்களுக்குக் கூத்துக் கற்பித்தார். 2016 நவம்பரில் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற பொருள்படும் பிரெஞ்சு நாடகம் பாரிசில் அரங்கேறியது. அதற்குள் பாரதக் கூத்துக் காட்சிகள் தமிழிலேயே வந்தன. அடுத்த ஆண்டு அது நியூயார்க் போனது. எங்கள் பெரியவர் பாரிசில் அதையும் பார்த்திருக்கிறார். "வெள்ளைக்காரி வாயில நம்ம பாட்டு. 'ழ' மட்டும் வரல. மத்ததெல்லாம் வந்துடுச்சி" என்றார். சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அந்தப் பாட்டை அவர் தம் சொந்தத் தெருவில் முழுதாகக் கேட்க முடிகிறதா? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாள்வரை, பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை அரசு விலக்கு அளிக்கலாம். மூடிய மண்டபத்துக்குள் ஒலிப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. நியாயமான விதிதான், நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். குளிரூட்டிய கூடத்துக்குள் விடுதி இசை விடியும்வரை அதிரலாம். பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்தில் சகுனி பகடையைக் கையில் எடுப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும், ஒலிபெருக்கி அணைந்துவிடும். முன்னோர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடவில்லையா என்று கேட்பவர்கள், விழுப்புரம் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே ஓரிரவு பாடிக் காட்டட்டும்.

எனவே கப்பலைப் பற்றி வாதாடுகிறவர்களிடம் எங்களுக்கு வேறொரு கோரிக்கை இருக்கிறது. கப்பல் வேண்டும் என்பவர்கள், அதற்குமுன் உழவர்கரையிலும் வில்லியனூரிலும் கூத்துக்கு என்றே ஒரு களம், ஆண்டுதோறும் நிலையான நிதி என்று எழுத்தில் தரட்டும்; பிரெஞ்சுக்காரன் போட்ட நிபந்தனை அதுதான். கப்பல் வேண்டாம் என்பவர்கள், கொடி பிடித்த கையோடு, கூத்து நடக்கும் சில இரவுகளுக்காவது விடியும்வரை விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கட்டும். இரண்டையும் செய்யாமல் பண்பாடு, பண்பாடு என்று கூவுவது எங்களுக்கு வெறும் கட்டியங்காரன் வேலையாகவே படுகிறது. கட்டியங்காரனாவது சிரிக்க வைக்கிறான்.

பெரியவர் பாரிசுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆங்கேனில் அடுத்த மாதத்துக்குச் சீட்டு எடுத்தாயிற்றாம்; இருக்கை எண்கூடத் தெரியும் என்றார். அடுத்த ஆண்டு இங்கே கூத்து எப்போது, அதற்கேற்ப விமானச் சீட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டார். ஏறக்குறைய எந்த வாரம் என்று சொன்னோம். எத்தனை மணிவரை என்று கேட்டார்.