கடையே இல்லாத கடலில் எட்டு மாதம்... தாரிணி கட்டிய மூட்டை!

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், தாண்டிக்குடி வீடுகளில் முதலில் சரிபார்ப்பது அடுப்படியைத்தான். அரிசி, பருப்பு போதுமா, தீப்பெட்டி நமத்துப்போகாமல் இருக்கிறதா, டார்ச்சுக்கு பேட்டரி உண்டா, காய்ச்சல் மாத்திரை இருக்கிறதா? மலைப்பாதையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ வத்தலகுண்டு பஸ் வராது. வழி திறக்கும்வரை வீட்டில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

இதே கணக்கை ஒரு பாய்மரப் படகுக்குப் போட்டுப் பாருங்கள். வழி திறக்க ஒன்றிரண்டு நாள் அல்ல, ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். சுற்றிலும் கடை, டாக்டர், மெக்கானிக் யாருமே கிடையாது.

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் 'தாரிணி' அப்படித்தான் கிளம்பியது. 'நாவிகா சாகர் பரிக்ரமா 2' என்ற அந்த உலகப் பயணத்தில் படகில் இருந்தது இரண்டே பேர். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் லெப்டினன்ட் கமாண்டர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கே இடங்களில் கரை தொட்டு, 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள்.

தாரிணியின் நீளம் 56 அடி. சுமாராக ஒன்றரை பஸ் நீளம். சமையல், தூக்கம், ரிப்பேர் எல்லாமே அதற்குள்தான்.

மூன்று வருடப் பயிற்சி

இந்தப் பயணத்துக்காக இருவரும் மூன்று வருடங்கள் தயாரானார்கள். ஆறு பேர் குழுவில் ஒருவராக கோவாவிலிருந்து ரியோ வரை சென்ற பிறகு, இரண்டே பேராக மொரீஷியஸ் வரை போய் வந்தார்கள். உலகம் சுற்றக் கிளம்பும் முன்பே 38,000 கடல் மைல் அனுபவம் சேர்ந்துவிட்டது.

படகுக்கும் தயாரிப்பு உண்டு. நீண்ட பயணம் போகும் எந்தப் பாய்மரப் படகையும் முதலில் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, பாசியும் சிப்பியும் ஒட்டாத பெயின்ட் அடிப்பார்கள். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் ஒரு இழை அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் மரமே சாயலாம். கிழிந்த பாயைத் தைக்க ஊசி நூல், மாற்று பம்பு, டீசல் ஃபில்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிக்கு உதிரி பாகம் என்று பட்டியல் நீளும். பயணிகள் பல் டாக்டரைப் பார்ப்பதும் பட்டியலில் உண்டு. நடுக்கடலில் பல்வலி வந்தால் எங்கே போவது?

அட்டைப்பெட்டிக்கு அனுமதி இல்லை

சாமான் அடுக்குவது தனிக்கலை. கரப்பான்பூச்சி முட்டை ஒட்டிவரும் என்பதால், அட்டைப்பெட்டியைப் படகுக்குள் விடமாட்டார்கள். டப்பாவின் காகித லேபிள் ஈரத்தில் உரிந்துவிடும். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று மார்க்கரால் மேலேயே எழுதிவிடுவார்கள். கழுவாத முட்டையும் கழுவாத காய்கறியும் அதிக நாள் தாங்கும்.

தாண்டிக்குடிக்காரர்களுக்கு இதில் புதுமை குறைவு. இந்த மலையில் விளையும் விருப்பாச்சி வாழையில் நீர்ச்சத்து குறைவு. அந்தப் பழத்தைத் தண்ணீர் சேர்க்காமல் வெல்லம், தேன், நெய்யோடு பிசைந்தால் பழநி பஞ்சாமிர்தம். ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பே, கெடாமல் வைப்பதற்கு நம் ஊர் கண்ட வழி அது.

கதவும் உதிரி பாகம்தான்

எவ்வளவு ஏற்றினாலும், உடைகிற பொருள் பட்டியலுக்கு வெளியே ஒன்றாக இருக்கும். ரூபாவுக்கும் தில்னாவுக்கும் வழிகாட்டிய முன்னாள் கமாண்டர் அபிலாஷ் டோமிக்கு இது நன்றாகத் தெரியும். 2018-ல் கோல்டன் குளோப் போட்டியில் புயலில் அவர் படகின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, மூன்றாவது நாள்தான் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அதே போட்டிக்கு 2022-ல் மறுபடியும் போனார். காற்றின் போக்கில் படகைத் தானாகச் செலுத்தும் கருவி உடைந்தபோது, கழிப்பறைக் கதவை அறுத்து மாற்றுப் பாகம் செய்துகொண்டார். 2023-ல் இரண்டாவது இடம்!

தாரிணியும் சோதனையைச் சந்தித்தது. 50 நாட் வேகக் காற்று, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். 2025 ஜனவரி 30-ல் பசிபிக்கின் 'பாயின்ட் நீமோ'வைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் நிலம் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால்தான். பசிபிக் புயல் ஒன்றில் வழிகாட்டும் திரைகள் அணைந்துபோன நேரமும் உண்டு. அப்போது கைகொடுத்தது மூன்று வருடப் பயிற்சிதான். பிப்ரவரி நடுவில், மாலுமிகள் அஞ்சும் கேப் ஹார்ன் முனையையும் கடந்தார்கள்.

மழைக்காலத்துக்கு முன் நம் வீட்டிலும் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதலாம். எது முதலில் பழுதாகும்? அதற்குப் பதில் எதை வைத்துச் சமாளிப்போம்? அதைச் செய்ய வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'ஒருத்தர்' என்றால், இன்றைக்கே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். தாரிணியில் ஒருவர் தூங்கும்போது படகு முழுவதும் மற்றவர் பொறுப்பில்தானே இருந்தது!