தங்கம் தீர்ந்த ஊரும் தங்கமுலாம் பூசிய ஊசியும்: கோலார் தங்கவயலுக்கு எத்தகைய ஆலை தேவை?

கோலார் தங்கவயல்: பொழுது விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பெங்களூருவில் காவலாளிகளாகவும், கடை ஊழியர்களாகவும், கணினி நிறுவனப் பணியாளர்களாகவும் வேலை செய்வோர் அங்கிருந்தும் அடுத்தடுத்த நிலையங்களிலிருந்தும் ஏறி, இரவில்தான் ஊர் திரும்புகின்றனர். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின்னர், கால் நூற்றாண்டாக இவ்வூரின் வாழ்க்கை இந்த ரயில் பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது இங்கே மீண்டும் தொழிற்சாலைகள் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. பெங்களூரு - சென்னை விரைவுச் சாலையில் ஓசக்கோட்டை முதல் பேத்தமங்கலம் வரையிலான பகுதி வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. பெமல் நிறுவனத்துக்கு முன்பு வழங்கப்பட்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டையாக்கக் கர்நாடக அரசு முனைந்துள்ளது. மின்னணு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்காக ரூ.22,919 கோடி மதிப்பிலான ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தின் கீழ் வரும் பொருள்களில் அதிகம் பேசப்படாத ஒன்று, கனெக்டர் எனப்படும் இணைப்பான்.

கைப்பேசியின் சார்ஜர் முனையும் ஓர் இணைப்பான்தான். ஆனால் பீரங்கி வண்டி, ரயில் பெட்டி, செயற்கைக்கோள், அறுவை அரங்கம், சுரங்க இயந்திரம் ஆகியவற்றில் பயன்படும் கடினவகை இணைப்பான்கள் வேறு இனம். அதிர்வு, தூசி, உப்புக் காற்று, கடும் வெப்பம், உறைபனி அனைத்தையும் தாங்கி, நூற்றுக்கணக்கான முறை கழற்றி மாட்டினாலும் மின்னோட்டம் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒளியிழை இணைப்பான்களில் சோதனை இன்னும் கடுமையானது. ஒற்றைமுறை ஒளியிழையின் மையப் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் அகலமே கொண்டது. அதன் முகப்பில் ஒரு தூசித் துகள் அமர்ந்தால் போதும், தகவல் தடைபடும்.

இந்த இணைப்பான்களின் உள்ளே இருக்கும் செப்புக் கலவை ஊசிகளுக்குத் தங்கமுலாம் பூசப்படுகிறது. தங்கம் துருப்பிடிக்காது, மின்னோட்டத்துக்குத் தடையும் குறைவு. ராணுவத் தர ஊசிகளில் அப்பூச்சின் தடிமன் 1.27 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்த ஊருக்கு, அந்தத் தங்கம் கடைசியில் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதில் ஒரு தனி அக்கறை இருக்கவே செய்யும்.

வெடிமருந்துக் கிடங்கில் முளைத்த ஊர்

உலகச் சந்தையில் இத்துறையின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பல, இன்றும் குடும்பங்களின் கையில் இருப்பவை. சுவிட்சர்லாந்தின் லெமோ, 1946-இல் லெயோன் முத்தே தொடங்கியது. முதலில் அது உயர் உலோக மின்தொடு முனைகளைச் செய்த சிறிய பட்டறை. ஜெர்மனியின் ஓடியூ நிறுவனத்தை 1942-இல் ஓட்டோ டுங்கல் நிறுவினார். ஆனால் தங்கவயல் உற்று நோக்க வேண்டியது ஹார்ட்டிங் நிறுவனத்தை.

வில்ஹெல்ம் ஹார்ட்டிங், மரீ ஹார்ட்டிங் தம்பதியர் 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில மாதங்களில், மின்டன் நகரில் ஒரு பட்டறையைத் தொடங்கினர். மின்விளக்கு, சமையல் தட்டு, இஸ்திரிப் பெட்டி என்று மக்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டவற்றைச் செய்தனர். 1950-இல் அந்தப் பட்டறை எஸ்பெல்காம்ப் என்ற இடத்துக்கு மாறியது. அது அப்போது முறையான நகரமே அன்று. காட்டுக்குள் இருந்த பழைய ராணுவ வெடிமருந்துக் கிடங்கு. பிரிட்டிஷ் படைகள் தகர்த்துவிட நினைத்த அந்தக் கட்டடங்களைத் திருச்சபையினர் தலையிட்டுக் காப்பாற்றினர். 1949-இல் திருச்சபையும் மாநில அரசும் இணைந்து அமைத்த நகர வளர்ச்சி அமைப்பு, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளை அங்கே குடியமர்த்தியது. வீடும் வேலையும் ஒரே திட்டத்தின் இரு கைகளாக இருந்தன.

1956-இல் ஹார்ட்டிங் வெளியிட்ட 'ஹான்' எனும் கனரக இணைப்பான், பின்னாளில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ரயில்களுக்கும் உலகளாவிய தரமாக மாறியது. 1962-இல் வில்ஹெல்ம் மறைந்தபோது, மரீ நிர்வாகத்தைத் தாங்கிப் பிடித்தார். இன்று மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் அந்நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் எஸ்பெல்காம்பில்தான் உள்ளது.

லண்டனில் இருந்த குடும்பம்

குடும்ப நிறுவனம் என்பதாலேயே ஊர் செழித்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அதற்குச் சான்று தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. 1880 முதல் 1956-இல் அரசுடைமையாகும் வரை தங்கவயல் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், பெயரிலேயே மகன்களைக் கொண்ட ஒரு குடும்ப நிறுவனம்தான். அது இவ்வூருக்கு 1902-லேயே, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரச் செய்தது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டியது. ஆனால் உரிமையும் ஆதாயமும் லண்டனில் இருந்தன. பாறைக்குள் தங்கம் குறைந்தபோது, இங்கே மிஞ்சியவை குடியிருப்பு வரிசைகளும் கழிவுமண் குன்றுகளும்.

உரிமையாளர் எங்கே குடியிருக்கிறார், ஆதாயத்தை எந்த ஊரில் மறுமுதலீடு செய்கிறார், வேலை தெரிந்த தொழிலாளி தனியே பட்டறை வைக்க இடம் கிடைக்கிறதா என்பவையே இரண்டு ஊர்களையும் பிரித்த கேள்விகள்.

இன்று கோலார் மாவட்டத்திலேயே, நரசாபுரத்தில், ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. விஸ்ட்ரான் தொடங்கிய அந்த ஆலையை 2023-இல் டாடா குழுமம் வாங்கியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது வேலை தந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. எனினும் பூட்டும் வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்கலாம். அதே வேகத்தில் அந்த ஆலை வேறு மாநிலத்துக்கும் நகரலாம். அச்சு வார்ப்பவர், நுண்கடைசல் இயந்திரம் இயக்குபவர், முலாம் தொட்டியைக் கண்காணிப்பவர் ஆகியோர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவர்களை விட்டுவிட்டு ஓர் இணைப்பான் ஆலை எளிதில் இடம்பெயர முடியாது.

தங்கவயலில் அந்தக் கைகள் அறவே இல்லாமல் போய்விடவில்லை. 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் இங்கே புல்டோசர்களையும் எக்ஸ்கவேட்டர்களையும் செய்துவருகிறது. அதே நிறுவனத்தின் பெங்களூரு ஆலையில் மெட்ரோ பெட்டிகளும் வந்தே பாரத் படுக்கை வசதி ரயிலும் உருவாயின. அத்தகைய ஒவ்வொரு இயந்திரத்திலும், ஒவ்வொரு பெட்டியிலும் கடினவகை இணைப்பான்கள் ஏராளம் தேவை. வாங்குபவர் வாசலிலேயே இருக்கிறார் என்பது சிறிய அனுகூலம் அன்று.

தடைகள் வேறு இடத்தில் உள்ளன. மத்திய அரசின் ஊக்கத் திட்டம் குறைந்தபட்ச முதலீட்டு வரம்புகளைக் கொண்டது. பத்துப் பதினைந்து பேருடன் தொடங்கும் பட்டறைக்கு அது எட்டாது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் தனது சொந்த உதிரிபாக ஊக்கத் திட்டத்தை அறிவித்து, மத்திய அரசு தரும் தொகைக்கு இணையான மானியத்தை முன்வைத்தது. ஓசூர் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. முதலீட்டாளர் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்.

இன்னொன்று, இவ்வூருக்கே உரிய எச்சரிக்கை. தங்கமுலாம் பூசும் தொட்டிகளில் பொதுவாகப் பயன்படுவது தங்கத்தின் சயனைடு உப்பு. தங்கவயல்வாசிகளுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுப் பின்புறத்து மேடுகளுக்கே அதுதான் பெயர். காற்றடிக்கும் காலத்தில் சயனைடு குன்றுகளிலிருந்து பறக்கும் தூசியை மூன்று தலைமுறைகளாகச் சுவாசித்தவர்கள் அவர்கள். அதே குன்றுகளில் 13 குவியல்களை மீண்டும் சலித்துத் தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை 2024-இல் இசைவு தெரிவித்தது. முலாம் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் இல்லாமல் மனைகள் ஒதுக்கப்பட்டால், சிறு பட்டறைகள் தனித்தனியே அந்தச் செலவைத் தாங்கமாட்டா. கழிவு சாக்கடைக்கே போகும்.

எஸ்பெல்காம்பில் அகதிக்கு வீடும் பட்டறைக்கு இடமும் ஒரே அமைப்பிடமிருந்து கிடைத்தன. இங்கே பழைய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் குடியிருப்பு உரிமையே இன்னும் தெளிவாகாமல் கிடக்கிறது. சொந்தப் பத்திரம் இல்லாத வீட்டை அடகு வைத்துக் கடைசல் இயந்திரம் வாங்க எந்த வங்கியும் கடன் தராது.

தொழிற்பேட்டையின் வரைபடம் வெளியாகும்போது, கால் ஏக்கர், அரை ஏக்கர் மனைகள் அதில் எத்தனை என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கழிவுநீர் நிலையம் முதற்கட்டப் பணியில் இருக்கிறதா, கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.