ஒரு பழைய டீசல் காரும் தேர்மணியின் நாவும்

பழைய டீசல் கார் என்று பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் எழுகின்றன. உடனே காயலான் கடைக்கு அனுப்புங்கள் என்பது ஒன்று. இப்படியொரு வண்டி இனி வரப்போவதில்லை என்று உருகுவது மற்றொன்று. இரண்டுமே வண்டியை நிதானமாக ஓட்டிப் பார்க்காதவர்களின் குரல்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. இலக்கியம் பேசும் இடத்தில் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். தேரையும் பாகனையும் நீக்கிவிட்டால் முல்லைத்திணைப் பாடல்களில் பாதிக்கு உயிர் இருக்காது. வண்டி ஓட்டுதல் என்னும் செயலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூர்ந்து கவனித்த மொழி நம்முடையது. ஆகவே தயக்கமின்றிப் பேசலாம்.

இந்தியச் சாலைகளில் சிறிய டீசல் காரைப் பரவலாக்கிய வண்டி டாடா இண்டிகா. 1998 டிசம்பரில் அறிமுகமான அவ்வண்டியின் 1,405 சிசி டீசல் எஞ்சினுக்குத் தொடக்கத்தில் டர்போ கிடையாது. சத்தமும் அதிர்வும் அதிகம். வேகம் மெல்லத்தான் கூடும். ஆனால் தாராளமான உள்ளிடமும், டீசலுக்கு அன்றிருந்த விலைச் சலுகையும் சேர்ந்து அதை வாடகைக் கார்க்காரர்களின் செல்லப்பிள்ளை ஆக்கின. டீசல் கார் என்றால் அவசரமில்லாதவர்களின் வண்டி என்ற எண்ணம் அப்போது நிலைபெற்றது. அந்த எண்ணத்தைப் பெரிதும் மாற்றியது 2007-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல். நாம் பல ஆண்டுகளாக ஓட்டிவருவதும் அதுவே என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

அதன் எஞ்சின் சுஸுகி வடிவமைத்ததன்று. இத்தாலியின் ஃபியட் 2003-இல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட் அது: 1,248 சிசி, நான்கு சிலிண்டர். உரிமம் பெற்று ஹரியானாவின் மானேசரில் அதைத் தயாரித்தார்கள். டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ என வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளிலும் அதே எஞ்சின் அமர்ந்ததால், வாகனப் பிரியர்கள் அதை 'தேசிய எஞ்சின்' என்றே வேடிக்கையாக அழைத்தார்கள். பழைய டீசல் எஞ்சின்களில் பம்ப் ஒவ்வொரு முறையும் அழுத்தி எரிபொருளை ஒரே வீச்சில் உள்ளே தள்ளும். அது சட்டெனப் பற்றிக்கொள்வதால்தான் அந்தக் கடகட ஓசை. காமன் ரெயில் முறையில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை மின்னணுப் பெட்டி முடிவு செய்யும். மல்டிஜெட் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு முறைக்கான எரிபொருளையே சிறுசிறு தெளிப்புகளாகப் பகுத்துத் தருகிறது. முதல் சிறு தெளிப்பு நெருப்பைத் தயார் செய்கிறது. அடுத்து வருவது நிதானமாக எரிகிறது. ஓசை அடங்குகிறது; மைலேஜும் கூடுகிறது.

இனி ஓட்டும் அனுபவத்துக்கு வருவோம். காகிதக் கணக்கில் பார்த்தால் அதே காலத்து பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு 87 குதிரைத்திறன், டீசலுக்கு 75-தான். ஆனால் இழுக்கும் வலுவைக் காட்டும் முறுக்குவிசையில் கணக்குத் தலைகீழாகிறது. பெட்ரோலுக்கு நிமிடத்திற்கு 4,500 சுற்றில் 113 நியூட்டன் மீட்டர். டீசலுக்கு 2,000 சுற்றிலேயே 190. அந்த 2,000 என்ற எண்ணில்தான் இவ்வண்டியின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்குக் கீழே வண்டி ஏதோ யோசனையில் ஆழ்ந்ததுபோல் கிடக்கும். புகைபோக்கியை நோக்கிப் பாயும் வாயுவே டர்போவைச் சுழற்ற வேண்டும். குறைந்த சுற்றில் அந்த வாயு போதாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு கணம் பதில் வராது. பிறகு முள் 2,000-ஐ நெருங்கியதும் முதுகை இருக்கையோடு அழுத்துகிற ஓர் உந்துதல் வரும். இந்தத் தாமதத்தைக் குறை என்பார்கள். குறைதான். நெரிசலான கடைத்தெருவில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே இடதுகாலுக்கு ஓய்வே இருக்காது.

ஆனால் அதே தாமதம் ஓட்டுபவருக்கு ஒரு பழக்கத்தையும் கற்றுத்தருகிறது: முன்கூட்டி நினைத்தல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70. இந்தப் பாதைகளில் வளைவுக்குள் நுழைந்த பின் கியரைக் குறைக்க நினைத்தால் வண்டி பாதி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். வளைவு கண்ணில் படும்போதே இரண்டாம் கியருக்கு வந்து, எஞ்சினை 2,000 சுற்றுக்கு மேல் வைத்துக்கொண்டு நுழைந்தால், ஐந்து பேரைச் சுமந்துகொண்டும் முனகாமல் ஏறும். ஏறிய கியரிலேயே இறங்குவது பிரேக்குக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போதும் இதே விதிதான். எதிர்பார்த்து ஓட்டுகிறவருக்கு இவ்வண்டி அடங்கும். திடீர் முடிவுக்காரருக்கு அடங்காது.

நிறுத்தும்போதும் ஒரு மரியாதை உண்டு. முழு வேகத்தில் டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்வது. மலையேறி வந்து நின்ற உடனே எஞ்சினை அணைத்தால், கொதிக்கும் அந்தத் தண்டுக்கு எண்ணெய் போவது நின்றுவிடும். ஒரு நிமிடம் அப்படியே ஓடவிட்டு அணைப்பது, ஓடி வந்த மாட்டுக்கு மூச்சு வாங்க அவகாசம் தருவது போன்றது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது கட்டுரையாகாது, விளம்பரமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தக் காலத்துச் சிறிய டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி கிடையாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் போய், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிற வீட்டில், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் வால்வில் கரி அடைத்துக்கொள்ளும். உயர்ந்த கியரில் குறைந்த சுற்றில் இழுத்தால் கரும்புகை கக்கும். அந்தப் புகை நம் வண்டிக்குள் வருவதில்லை. பின்னால் மிதிவண்டியில் வரும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது.

இந்த இடத்தில்தான் அகநானூற்றின் நான்காம் பாடல் நினைவுக்கு வருகிறது. கார்காலத்தில் தலைவன் வீடு நோக்கித் தேரில் விரைகிறான். அவனுக்கு அவசரம். ஆயினும் வழியில் பூந்தாது உண்டு களிக்கும் வண்டுகள் ஓசை கேட்டுக் கலங்கிவிடுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவைத்திருக்கிறான். இதை வகுப்பில் காதலின் மென்மை என்று விளக்கிவிட்டுப் போவது எளிது. நமக்கு அது சாலை ஒழுக்கமாகவும் படுகிறது. விரைந்து போகும் உரிமை அவனுக்கு உண்டு. தன் விரைவின் விலையை வழியிலிருக்கும் உயிர்கள் தரக்கூடாது என்ற நினைவும் உண்டு. டீசல் காருக்கு மணியின் நா எது என்று கேட்டால், புகைபோக்கிதான்.

எனவே நம் கருத்து இது. பழைய டீசல் வண்டியை வயதைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. அது விடும் புகையைக் கொண்டு அளக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லிப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. 2025-இலோ, வயதை மட்டுமே காரணமாக்கி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் ஆகஸ்டில் சொல்லி, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பாரத் நிலை நான்கும் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளுக்கு என்று வரையறுத்தது. ஆண்டுக்கணக்கிலிருந்து மாசுக்கணக்குக்கு நகர்ந்த இந்த நகர்வு நமக்குச் சரியாகவே படுகிறது. அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டால், நிலை மூன்று விதிகளின் காலத்தில் வந்த நம் போன்றோர் வண்டிகளுக்குச் சலுகை குறையும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அளவுகோல் நமக்கு எதிராகத் திரும்பும்போது மட்டும் அதைக் குறை சொல்வது நேர்மையன்று.

அடுத்தது, சான்று. புகைச் சோதனையில் நிற்கும் வண்டியின் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அதில் சிக்குவதில்லை. அந்தச் சோதனையையும் வெறும் சடங்காக முடித்துக் காகிதம் வாங்கிப் போகும் மனநிலை நம்மிடம் இருக்கும்வரை எந்தச் சட்டமும் காற்றைக் காப்பாற்றாது. வடிகட்டியையும் எண்ணெயையும் காலத்தில் மாற்றுவது, தெளிப்பான்களைச் சோதிப்பது, கரும்புகை வந்தால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுவது ஆகியவை உரிமையாளரின் விருப்பமல்ல, கடமை.

2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார்களை விட்டது, 1.3 எஞ்சினின் ஓட்டமும் அத்துடன் அங்கு முடிந்தது. எஞ்சியிருப்பவை நாளுக்கு நாள் குறையும். நீண்ட பயணங்களுக்கு மட்டும் எடுப்பவர், பராமரிப்பில் கஞ்சத்தனம் காட்டாதவர், சோதனையில் உண்மையாகத் தேறும் வண்டியை இன்னும் சில காலம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஓடுகிற வண்டியை உடைத்துப் புதியது செய்வதற்கும் இரும்பும் மின்சாரமும் வேண்டும். பள்ளிக்கும் சந்தைக்குமாக ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் இன்றே கொடுத்துவிடலாம். அந்த வேலைக்கு அவ்வண்டி பிறக்கவில்லை. நம்முடையதையும் அடுத்த சோதனைக்கு இந்தக் கண்ணோடுதான் கொண்டுபோகப் போகிறோம். தேறினால் ஓடும், தேறாவிட்டால் எவ்வளவு நன்றாக மலை ஏறினாலும் விடைகொடுப்போம்.