எழுதிவைத்த பக்குவம்



உரோமரான கேட்டோ, கி.மு. 160 அளவில் தம் வேளாண் நூலில் ஒரு பணியாரத்தின் பக்குவத்தை எழுதிவைத்தார்: பாலாடைக்கட்டி 2 இராத்தல், மாவு 1 இராத்தல், முட்டை 1. பிசைந்து, இலைமேல் வைத்து, சட்டி கவிழ்த்து மெல்லச் சுட வேண்டும். அளவு நின்றதால் பணியாரமும் நின்றது. இன்றும் நாம் சுடலாம்.

பிரெஞ்சு ஆட்சி கண்ட புதுவையில் கிறிஸ்து பிறப்புக்கு விவிகம் கேக் செய்வர். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழங்கள் அதில் சேரும். அளவோ வீட்டுக்கு வீடு வேறு.

கிளிஞ்சல்மேட்டில் பாட்டி ஒருவரிடம் பண்டிகைப் பலகாரத்தின் அளவைக் கேட்டேன். "கைக்குத் தெரியும், அம்மா" என்றார். அந்தக் கை ஓய்ந்தபின் யாரைக் கேட்பது?

இத்திருவருகைக் காலத்தில் உங்கள் வீட்டுப் பாட்டியின் அருகில் அமருங்கள். அவர் அள்ளும் ஒவ்வொரு பிடியையும் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பேத்திக்கு அதுவும் சீதனமே.