பழசானது போனா, பற்றரியா?

500 அமெரிக்க டொலர் பெறுமதியான ஒரு கைத்தொலைபேசியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 இலங்கை ரூபாவை ஒட்டி நின்றபோது அதன் விலை ஒரு லட்சம் ரூபா. டொலரை 300 ரூபா என்று வைத்தால் இப்போது ஒன்றரை லட்சம். 2024 ஜனவரி 1 முதல் கைத்தொலைபேசிக்கும் 18 சதவீத வற் வரி உண்டு. அது 27,000 ரூபா. மற்ற வரிகளையும் கடைக்காரரின் இலாபத்தையும் சேர்க்காமலே 177,000 ரூபா ஆகிவிடுகிறது. இதில் வற் வரியாகப் போகும் 27,000 ரூபா, 2025 ஏப்ரலில் தனியார் துறை ஊழியருக்குச் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்குச் சமன். அந்தச் சம்பளத்துக்கு ஒரு மாதம் முழுக்கப் புடைவைக் கடையில் நின்று உழைத்த ஒரு பிள்ளையின் காசு அந்தப் போனின் வரிக்கு மட்டும்தான் கண்டிருக்கும். யாழ். குடாநாட்டு வீடுகளில் 'போனை மாத்துவம்' என்ற பேச்சு எழும்போது முதலில் மேசையில் வைக்க வேண்டிய கணக்கு இது.

ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு பதில்களில் ஒன்று வருகிறது. சார்ஜ் நிற்குதில்லை, இழுபடுகிறது, இடம் இல்லை, டிஸ்பிளே வெடித்துவிட்டது. நான்குமே உண்மையான தொல்லைகள்தான். ஆனால் நான்கில் எதுவும் போன் முழுவதும் செத்துப்போனதற்கு அடையாளம் அல்ல. லிதியம் அயன் பற்றரி என்பது சைக்கிள் டயர் போலத் தேய்ந்துபோகும் பொருள். ஐபோன் 14 வரையான மொடல்களின் பற்றரி 500 தடவை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. நாளுக்கு ஒரு தடவை என்றால் 500 தடவை ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் ஓட்டோவின் முன்தட்டிலும் கிடந்து வேகும் போனுக்கு அந்தத் தேய்வு இன்னும் வேகமாக வரும். கிழடாகிய பற்றரியால் தேவையான நேரத்தில் தேவையான மின்னைக் கொடுக்க முடியாது. 2017 டிசம்பரில் அப்பிள் ஒன்றை ஒப்புக்கொண்டது. தேய்ந்த பற்றரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைத் தானே குறைத்திருந்ததாகச் சொன்னது. பிறகு பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக இறக்கியது. 'போன் பழசாகிவிட்டது, இனி இழுபடத்தான் செய்யும்' என்று எண்ணியிருந்தவர்கள் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது, பழசானது பற்றரி மட்டும் என்று.

ஆகவே என் வாதம் ஒன்றுதான். புதிய போனில் என்ன இருக்கிறது என்று கேட்பதை விட்டு, கையில் இருக்கும் போனால் எந்த வேலையைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான பதில் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் யாழ். நகரில் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடிச் சந்தைகளிலும் இருக்கும் திருத்துநரிடம் கொண்டுபோங்கள். அவர் பின்மூடியைச் சூடாக்கி, பசையை இளக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரமாகச் செருகி மூடியைக் கிளப்புவார். கீழே நாடா போன்ற இணைப்பைக் கழற்றினால் பற்றரி வந்துவிடும். பல மொடல்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய வேலை இது. புதிய போனின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. 'கொப்பிச் சாமானைப் போட்டுவிடுவார்கள், இரண்டு மாதத்தில் ஊதிவிடும்' என்ற பயம் நியாயமானது. தரமற்ற பற்றரி ஆபத்தும்கூட. அதனால்தான் எழுத்தில் உத்தரவாதம் தரும் திருத்துநரைத் தேட வேண்டும் என்கிறேன். தரக்குறைவான உதிரிப்பாகம் சந்தையில் இருப்பது தரமான உதிரிப்பாகத்தைக் கேட்டு வாங்குவதற்குக் காரணம். முழுப் போனையும் தூக்கி எறிவதற்கு அது காரணமாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லா மறுப்புகளிலும் அதுதான் கனமானது. பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். 2006 ஓகஸ்டில் குடாநாட்டுக்குத் தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்டபோது பாணுக்கும் மாவுக்கும் மட்டுமல்ல, ஒரு தொலைபேசி அழைப்புக்கும் வரிசையில் நின்றவர்கள். 'இருப்பதைத் திருத்திப் பாவி' என்ற அறிவுரையை அப்படிப்பட்ட சனத்திடம் இன்றைக்கும் சொல்வது, வறுமையைப் பெருமையாகக் காட்டுவது ஆகாதா? கொழும்பில் இருப்பவனுக்கும் ரொறன்ரோவில் இருப்பவனுக்கும் கிடைப்பது எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது? இந்தக் கேள்வியில் இருக்கும் தன்மானத்தை நான் மதிக்கிறேன். நல்ல பொருளை ஆசைப்பட்டு வாங்குவது குற்றமே இல்லை. காசு இருப்பவர் வாங்கட்டும். ஆனால் அன்று எங்களை இறுக்கியது பொருள் இல்லாமை. இன்று இறுக்குவது கடன். போர் முடிந்த பின் வடக்கில் குவிந்த லீசிங், நுண்கடன் நிறுவனங்களிடம் மாட்டிய குடும்பங்களின் நிலை எவ்வளவு மோசமானது என்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. இன்று தாலிக்கொடியை அடைவு வைத்தும் தவணைக்கு எடுத்தும் போன் வாங்கப்படுகிறது. அந்தப் போனின் பற்றரி தேயத் தொடங்கும்போதும் சிலருக்குத் தவணை முடிந்திராது, நகை மீண்டிராது. அப்படி வாங்கிய போன் யாருடைய தன்மானத்தையும் உயர்த்தாது.

அடுத்த மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். போனுக்கு மென்பொருள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டால், அதில் வங்கிச் செயலியைப் பாவிப்பது பூட்டில்லாத பெட்டகத்தில் காசு வைப்பது போன்றது. ஒரு கட்டத்தில் செயலிகளும் கைவிட்டுவிடும். 2025 ஜனவரி 1 முதல் அன்ட்ரொயிட் 5க்கு முந்திய போன்களில் வட்ஸ்அப் இயங்குவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் முகத்தை அந்தத் திரையில் மட்டுமே காணும் தாய்க்கு அது சின்ன இழப்பல்ல. இந்த நிலைக்கு வந்த போனை மாற்றத்தான் வேண்டும். ஆனால் இதே காரணம், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லித்தருகிறது. 2023 ஒக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு கூகுளும், 2024 ஜனவரியில் வந்த கலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் 7 வருடப் புதுப்பிப்பு தருவதாக வாக்களித்தன. விலை குறைந்த மொடல்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மொடலின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பும் 7 வருடம் உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடைகளில் கமராவின் மெகாபிக்சலைச் சொல்கிறார்கள். எந்த வருடம்வரை இந்தப் போன் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டியது நாங்கள்.

கமராவுக்காக மாற்றுகிறோம் என்பவர்கள் நிறையப் பேர். நல்லூர்த் தேரையும் சாமத்தியவீட்டையும் செத்தவீட்டையும் கடல் கடந்த உறவுகளுக்குக் காட்ட வேண்டிய தேவை எங்களுக்கு வேறு யாரையும்விட அதிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு துல்லியமாகப் படம் எடுத்தாலும் வழக்கமான அமைப்பில் வட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அக்கா லண்டனில் தன் போனில் திறந்து பார்க்கும்போது, மூன்று வருடப் பழைய போனின் படத்துக்கும் புதிய போனின் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விட்டிருக்கும். 2023 முதல் உயர்தரத்தில் அனுப்பும் வசதி அதே வட்ஸ்அப்பில் உண்டு. கையில் இருக்கும் போனிலேயே அதைத் தெரிவுசெய்து, லென்ஸையும் துணியால் ஒருக்கால் துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். படம் எடுத்துப் பிழைப்பு நடத்துபவருக்கும், வீட்டிலிருந்து தைத்த உடுப்பைப் பேஸ்புக்கில் விற்கும் பெண்ணுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு அது தொழிற்கருவி. போட்ட காசை அது உழைத்துத் தரும்.

வெளிநாட்டிலிருந்து சும்மா வரும் போனுக்கு என்ன குறை என்றும் கேட்கலாம். அன்பாகத் தருவதை மறுக்கச் சொல்லவில்லை. அவிழ்க்கும் முன் விசாரிக்கச் சொல்கிறேன். தவணைக்கு எடுத்த போன் அந்த நாட்டு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் அட்டை போடும் தட்டே இல்லை, இ-சிம் மட்டும்தான். தன்னிடம் பதிவில்லாத போன்கள் 2025 ஜனவரி இறுதியிலிருந்து புதிதாக இங்குள்ள வலையமைப்புகளில் இணைய முடியாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அறிவித்தது. இங்கே செகண்ட் ஹாண்டாக வாங்குவதற்கும் இது பொருந்தும். *#06# என்று அழுத்தினால் திரையில் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுந்தகவல் அனுப்பினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

மாறும்போது கையை விட்டுப் போவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயர்போன் துவாரம், மெமரி கார்ட் போடும் இடம், பெட்டிக்குள் சார்ஜர் என்று பழைய போனில் இருந்தவை பல புதிய மொடல்களில் இல்லை. வயர் இயர்போனைச் செருகினால் எப்.எம். வானொலி பிடிக்கும் பழைய போன், புயலில் கோபுரங்கள் சாய்ந்து டேட்டா நின்றுபோகும் இரவில் விலைமதிப்பற்றது. நீண்ட மின்வெட்டிலும் அப்படித்தான்; 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இவற்றைவிடப் பெரிய இழப்பு படங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் விட்டு வந்த அல்பங்களோடு எத்தனையோ குடும்பங்களின் தாத்தா பாட்டி முகங்களும் போய்விட்டன. இன்று அப்பாவின் கடைசிக் குரல் பதிவும் அம்மாவின் சிரித்த படமும் வட்ஸ்அப்பில்தான் கிடக்கின்றன. ஒழுங்காகப் பிரதி எடுக்காமல் போனை மாற்றினால், பழையதை அழித்துவிட்டு விற்றால், அவை இன்னொரு முறை தொலையும். மாற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் அவற்றை ஒரு கணினியிலோ தனி மெமரி கார்ட்டிலோ ஏற்றி, திறந்து பார்த்துச் சரிபார்த்த பின்னரே கடைக்குப் போங்கள்.

கடைசியாக, எறியப்படும் போன். 2022இல் உலகம் 6 கோடி 20 லட்சம் தொன் இலத்திரனியல் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். நிரந்தர ஆறு இல்லாத குடாநாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தங்கும் மழைநீரையே நாங்கள் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். மேலே கொட்டுவது கீழே போகும் என்பதைச் சுன்னாகம் எங்களுக்குக் கசக்கக் கசக்கக் காட்டியது. மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பழைய பற்றரியும் உடைந்த போனும் வீட்டுக் குப்பையோடு சேர்ந்து கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது. தீப்பற்றக்கூடிய பொருள் என்பதற்காகவும் கூடாது. யாழ். மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒவ்வொரு சந்தையிலும் இதற்கென்று தனிச் சேகரிப்பு இடம் ஒன்றை ஒதுக்க வேண்டும். போன் விற்கும் கடைக்காரர்களே, பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்துக்குப் பக்கத்தில், புதுப்பிப்பு எந்த வருடம்வரை வரும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாசகர்களே, அடுத்த போனுக்கு அடைவுகடைப் படி ஏறும் முன் ஒரு தடவை பற்றரியை மாற்றிப் பாருங்கள்.