‘கசின்’ என்னும் ஒற்றைச் சொல்

ஆங்கிலத்தில் ‘செகண்ட் கசின்’ என்பது பலர் கருதுவதுபோல் கசினின் பிள்ளையன்று. ஒரே கொள்ளுப்பாட்டன் வழிவந்த, ஒரே தலைமுறை உறவு. தந்தையின் கசினோ ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு’. ‘ரிமூவ்டு’ இங்கே நீக்கமன்று, தலைமுறை இடைவெளி.

தொலைவை இத்துணை நுட்பமாக அளக்கும் அச்சொல், உறவு வந்த வழியைச் சொல்வதில்லை. இந்தியிலோ சசேரா, ஃபுஃபேரா, மமேரா, மௌசேரா என வழிகள் நான்கும் தனித்தனி. தமிழில் ஓர் ஆணுக்குச் சித்தப்பா மகள் சகோதரி. மாமன் மகள் முறைப்பெண். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் தடையுறவுகளைக் ‘கசின்’ எனச் சுருக்காமல் விரித்தே வரையறுத்து, வழக்காறு அனுமதிப்பின் விலக்களிக்கிறது.

ஆய்வேடு அனைவரையும் ‘கசின்’ என்றாக்கும்போது, மணத்தடையும் மணவுரிமையும் ஒன்றாகிவிடுகின்றன. களத்தில் கேட்ட சொல்லை முதலில் எழுதி, விளக்கத்தைப் பின்னர் தருவதே முறை.